மூன்றாவது குறை

நான் சாவியை நீட்டியபோது அவர் வலது கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் வாங்கினார். மலைமேல் போனக்காட்டில், மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் முன்னால் ஏழு வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தோம். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இன்னொருவர் வண்டியின் சாவியை அவர் கையில் வாங்கி நாங்கள் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் காலையை நினைத்தால் இப்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. வெகுதூரம் வண்டி ஓட்டி இறங்கினால் உள்ளங்கை மரத்துக்கிடக்குமே, அப்படி இருக்கிறது. நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது.

அவர் எங்கள் அலுவலகத்தில் சூப்பிரண்டு. எனக்கு நேர் மேலதிகாரி. கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் வீடு. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தும் வீட்டுத் தமிழை விடாத குடும்பம். முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே புல்லட்தான் ஓட்டினார். பழைய மாடல், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிகளுக்கெல்லாம் நேர் எதிர். நெற்றியில் விபூதியும் மேலே ஹெல்மெட்டுமாக அவர் பழவங்காடி வழியாக அலுவலகம் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்வார்கள். அலுவலகத்தில் ஃபைல் தாமதமானால் கத்தமாட்டார். மேசைமேல் இருக்கும் இரண்டு ஃபைல் தட்டுகளைத் தொட்டுக் காட்டி, "இது இன்னிக்கு, இது நாளைக்கு. உன்கிட்ட மூணாவதா ஒரு தட்டு இருக்காக்கும், அதுக்கு என்ன பேரு?" என்று கேட்பார். பிரிவு முழுக்கச் சிரிக்கும். நான் எதையும் தள்ளிப்போடுகிறவன் என்பது ஊரறிந்த விஷயம். அதைச் சொல்லிக் காட்டினால் எனக்குச் சுருக்கென்று தைக்கும் என்பதை மட்டும் யாரும் கவனித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கிளம்புவோம். ஆரியசாலையில் மிளகும் ஏலமும் மொத்தவிலைக்கு விற்கும் அண்ணாச்சி ஒருவர். அவருடையது புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டி. ஆஸ்பத்திரி லேபில் வேலைபார்க்கும் சேச்சி ஒருவர். அவருடையது எங்கள் எல்லோருடையதையும்விடப் பெரிய வண்டி. மேலே போகும்போது அவரவர் வண்டி. இறங்கும்போது சாவியை மாற்றிக்கொள்வோம். அடிவாரத்தில் விதுரா டீக்கடையில் உட்கார்ந்து, ஓட்டிவந்த வண்டி எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பொய்யாகப் புகழ்ந்தால் டீ கிடையாது. இன்னொரு வழக்கமும் உண்டு, அது சூப்பிரண்டு சார் கொண்டுவந்தது. சாவி கைமாறும் முன்னால் சொந்தக்காரர் தன் வண்டியின் மூன்று குறைகளை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும். கிளட்ச் இறுகியிருக்கிறது, பெட்ரோல் முள் பொய் சொல்லும், ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கும் என்று. "வண்டியோட பெருமை ஓட்டறவனுக்கே தெரிஞ்சுடும். குத்தத்தை நீதான் சொல்லிக் குடுக்கணும், கேட்டயோ" என்பார். இத்தனைக்கும் அவர் மட்டும் சாவியை மாற்றியதே இல்லை. தன் கால்கள் வேறு வண்டிக்குப் பழகாது என்று சொல்லி, நாங்கள் குறை சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தபோது, தானும் ஒருமுறை மாற்றிப் பார்ப்பதாக அவரே சொன்னார். அதிலும் என் வண்டியைக் கேட்டார். நூற்றைம்பது சிசி, வாங்கி ஐந்து வருடமான வண்டி. அதைப் பற்றி அலுவலகத்தில் நான் அளந்த அளப்புக்குக் கணக்கே இல்லை. ஒரு வாரம் எல்லா இரவும் உட்கார்ந்தது போதாமல், சனிக்கிழமை பகல் முழுக்க அதைக் கழுவித் துடைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், முன் பிரேக் கேபிள் கைப்பிடிக்குப் பக்கத்தில் இழை பிரிந்து நின்றது. பிடித்துப் பார்த்தேன், பிரேக் பிடித்தது. திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் தன் புல்லட்டின் குறைகளைச் சொன்னார். கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், மூன்றாவதாக, இதற்குத் தன்னைத் தவிர வேறு ஆளைப் பிடிக்காது. எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. சீட் கல் மாதிரி இருக்கும் என்றேன். ஹார்ன் சளி பிடித்த மாதிரி கத்தும் என்றேன். மூன்றாவது நாக்கு நுனிவரை வந்தது. கேபிள் இழை பிரிந்திருக்கிறது, திங்கட்கிழமை மாற்றப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தத் தட்டுக் கதை அங்கேயும் வந்திருக்கும். சேச்சி இருந்தார், அண்ணாச்சி இருந்தார். ஒரு நாளாவது அந்தக் கேலி வேண்டாம் என்று இருந்தது எனக்கு. "மூணாவது, ஓட்டினா இறங்க மனசு வராது சார்" என்று சொல்லிச் சாவியை நீட்டினேன். கைதட்டினார்கள் என்று சொன்னேனே, அது இதற்கும் சேர்த்துத்தான்.

அவர் முன்னால் போனார். நான் அவருடைய புல்லட்டில் பின்னால் வந்தேன். வலது காலில் கியர் போட்டு எனக்கு வழக்கமில்லை. பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தேன், கியர் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தேன். என் கால்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்ததில் வெகுவாகப் பின்தங்கிவிட்டேன். நான் அந்த வளைவுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து காட்டோர ஓடையில் கிடந்தது. அவர் சாலையோரம் மல்லாந்து கிடந்தார். சேச்சி அவர் தலையைப் பிடித்திருந்தார். இடது கணுக்கால் இருக்கவேண்டிய பக்கம் பார்த்து இல்லை.

வண்டி இரண்டாவது கியரில் இருந்ததை அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார். "பழைய ஞாபகத்துல பிரேக்குன்னு நெனச்சு எடது கால சவுட்டிப்புட்டாரு கேட்டியளா. அது கியருல்லா" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நான் கிளம்பும்போதே கால்மாற்றி மிதித்துத் தடுமாறியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள், அதுவே சாட்சியாகப் போயிற்று. பட்டறையில் வண்டியைப் பிரித்தபோது முன் பிரேக் கேபிள் அறுந்திருந்தது. விழுந்ததில் அறுந்திருக்கும் என்றார் மெக்கானிக். ஆமாம் என்றேன். நான் சனிக்கிழமை பார்த்த இடத்தில்தான் அது அறுந்திருந்தது. முன் பிரேக் கைவிட்டதும், ஈரத்தில் பின் பிரேக் மட்டும் போதாமல், அவர் கியரைக் குறைத்து என்ஜினாலேயே வண்டியை அடக்கப் பார்த்திருக்கிறார். நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. பதறி மிதிக்கிற கால் செய்கிற வேலை இல்லை அது. தேர்ந்த கால் செய்கிற வேலை. முதல் தடவையாக ஓட்டுகிற வண்டியில், பழகாத காலால், அந்த இறக்கத்தில் அதைச் செய்திருக்கிறார். அதைத்தான் எல்லோரும் தப்பு என்று சொன்னார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

தலையில் அடிபட்டதில் மலை இறங்கியது முழுவதும் அவருக்கு மறந்துபோயிருந்தது. அதனால் மற்றவர்கள் சொன்னதையே அவரும் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், வண்டிக்கு ரொம்ப அடியா என்று கேட்டு, உன் வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டார். சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள், அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் மாமி, பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு கட்டு பிரிக்கட்டும் என்று. என் மூன்றாவது தட்டில் அதுவும் போய்ச் சேர்ந்தது.

எலும்பு கூடிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னபிறகும் அவர் ஓட்டவில்லை. காலை நம்ப முடியாது என்றார். கொல்லத்திலிருந்து ஒருவர் லாரி கொண்டுவந்து புல்லட்டை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு போனார். நானும் ஒரு கை கொடுத்துத்தான் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதோடு கலைந்தது. நான் என் வண்டியையும் விற்றுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். மாதம் இரண்டு தடவை அவரைப் பார்க்கப் போவேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். கேஸ் அடுப்பை மூடினேனா என்று மாமியிடம் மூன்று தடவை கேட்பார். பேங்க் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். எத்தனையோ பேருடைய ஃபைல்களில் தப்பு கண்டுபிடித்தவர். "அன்னிக்கு ஒரு வளைவுல மறந்த கால், நாளைக்கு எதை மறக்குமோ" என்று ஒருநாள் சொன்னார். மாமி என்னை வாசல்வரை கொண்டுவிட்டு, டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார், இவர்தான் தன்னை நம்பமாட்டேன் என்கிறார் என்று சொன்னார். நான் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். இரவு நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

போன மாதம் பழவங்காடிக்குப் போகவேண்டும், கணபதிக்குத் தேங்காய் உடைக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். தனியாக அனுப்ப மாமிக்கு மனசில்லை, என்னைக் கூப்பிட்டார். கோயிலுக்கு எதிர்ப்புறம் நின்றோம். பஸ்ஸும் ஆட்டோவும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. இரண்டு தடவை வழி கிடைத்தது, இரண்டு தடவையும் அவர் கால் எடுத்துவைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட்டார். பிறகு குழந்தை மாதிரி கையை நீட்டி, "என்னைப் பிடிச்சுக்கோ. நான் தப்பா வச்சுடுவேன்" என்றார். பிடித்தேன்.

அங்கேயே நின்று சொன்னேன். தைரியம் வந்ததென்று இல்லை, எனக்கு அப்போது பயமும் வரவில்லை. கேபிள், சனிக்கிழமை, சொல்லாமல் விட்டது, பட்டறை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கோயில் பக்கம் தேங்காய் உடைகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த கியர்ல இருந்தது?"

"ரெண்டுல சார்."

உதட்டை அசைத்து ஏதோ எண்ணினார். இடது கால் செருப்புக்குள் இரண்டு தடவை மெல்ல அழுந்தியதைப் பார்த்தேன்.

"சரியாத்தான் பண்ணியிருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"அப்போ புல்லட்டைக் குடுத்திருக்க வேண்டாமே."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் தன் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், ஒரு பஸ்ஸைப் போகவிட்டு, லேசாக விந்திக்கொண்டு, ஒரே சீராகச் சாலையைக் கடந்துபோனார். எதிர்ப்புறம் சேர்ந்தபிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இந்தப் பக்கமே நின்றேன்.