ஒரே பாத்திரம்

இந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருவிருந்துத் தட்டைக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கொன்றாகத் திராட்சரசம் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள். நடக்க நடக்க அவை கிணுகிணுத்தன. சின்ன வயதில் பட்ட கொடைக்கானல் குளிர் என் முதுகில் ஏறியது.

அப்பா இறையியல் கல்லூரி ஆசிரியர். லுத்தரன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று பல சபைப் பையன்களும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள், ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். திருவிருந்து மட்டும் தனித்தனி. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மே மாதம், கொடைக்கானல் மலையில் நடந்த கல்லூரி முகாமில், எல்லாருக்கும் ஒரே பாத்திரம் என்று முடிவானது.

எங்களோடு வந்திருந்த பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏலே தம்பி, சபை வேற வேறயா இருந்தாப் பரவால்ல. கண்ட சாதிப் பயலும் வாய் வச்சத நான் குடிக்கணுமா?"

"அப்ப வராம இருங்கண்ணே," என்றார் அப்பா.

ஆனாலும் வந்தார். பீடத்தின் முன் மண்டியிட்ட வரிசையில் அவருக்கு முந்தி தானியேல் என்ற மாணவர். சேரியிலிருந்து படிக்க வந்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். தானியேல் குடித்ததும், திருவிருந்து கொடுத்த போதகர் ஐயர் பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துப் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். ஐயரும் கையை இழுக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து போய், தானியேலுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் மண்டியிட்டாள்.

"எனக்குக் குடுங்கய்யா."

அம்மா குடித்தாள். பெரியப்பா எழுந்து மூடுபனிக்குள் போய்விட்டார். சாகும்வரை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போது தட்டு என்னிடம் வந்தது. சுகாதாரத்துக்காகத்தான் தனிக்கிண்ணம் என்கிறார்கள். இருக்கட்டும். பெரியப்பா உயிரோடு இருந்தால் இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.