மூன்று முறை அடித்தால்

என் மாமனாரும் மாமியாரும் நாற்பது வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். அதில் முப்பத்தொரு வருடம் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது தெரியாத மேல்மாடிக்காரம்மா, நான் கல்யாணமாகி வந்த புதிதில், "சண்டைச் சத்தமே கேக்காத வீடு. நீ குடுத்து வச்சவம்மா" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவர். அத்தை ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் ஊருக்கே இணைப்புக் கொடுத்தவர், வீட்டில் புருஷனுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு விருந்தில் அத்தை ஏதோ ஆஸ்பத்திரிக் கதையைச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மாமா குறுக்கே புகுந்து, "எல்லா லிஃப்டுக்கும் நிறுத்துற பட்டன் இருக்கு. இவ வாய்க்குத்தான் ஒண்ணு மாட்ட முடியல" என்றாராம். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அத்தையும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். நாலு நாளில் தானாக வழிக்கு வருவாள் என்று மாமா காத்திருந்தார். இரண்டு பேருடைய வறட்டுப் பிடிவாதத்துக்கும் அந்த நாலு நாள் போதவே இல்லை.

அப்போது என் வீட்டுக்காரருக்கு ஆறு வயது. "அப்பாகிட்ட சொல்லுடா, தண்ணி கொதிச்சிடுச்சு." "அம்மாகிட்ட சொல்லுடா, நான் ஏற்கெனவே குளிச்சாச்சு." பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடியே வளர்ந்த பிள்ளை. இன்றைக்கும் என்னிடம் ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல அவருக்கு வராது. அவர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் வீட்டில் தூது போக ஆளில்லை. மாமா பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய அபாய மணி ஒன்றைக் கொண்டுவந்து, ஹாலில் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்விட்ச். ஒரு முறை அடித்தால் சாப்பாடு தயார். இரண்டு அடித்தால் பாத்ரூம் காலி. மூன்று அடித்தால் ரேடியோ சத்தத்தைக் குறை.

ஆனால் அத்தை தட்டு முன்னால் உட்காராமல் மாமா ஒரு வாய் சாப்பிட மாட்டார். மாமாவின் சட்டைக் காலரை அத்தை தவிர வேறு யாரும் இஸ்திரி போடக் கூடாது. இதை அன்பென்று சொல்வதா, திமிரென்று சொல்வதா என்று எனக்கு விளங்கியதே இல்லை.

எனக்குக் குழந்தை பிறந்து மூன்றாவது மாதம். அந்தக் கர்ண கடூர மணி அடிக்கும்போதெல்லாம் குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிடும். எனக்கு நாள் கணக்கில் தூக்கமில்லை. அன்று மதியச் சாப்பாடு முடிந்து மாமா கைகழுவப் போன நேரம் பார்த்து, ஸ்டூலில் ஏறி மணியின் ஒயரைக் கழற்றிவிட்டேன். குழந்தை எழுந்ததும் மாட்டிவிடலாம், ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன். பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

எழுந்து சமையலறைக்குப் போனால் அத்தை தரையில் கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. இடது கை மட்டும் சுவரில் எட்டி ஸ்விட்சை அழுத்தி அழுத்தி விடுகிறது. ஹாலில் மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

உயிர் பிழைத்துவிட்டது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அரை மணி முன்னால் வந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். மாமா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அவ கூப்பிட்டாம்மா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. 'என்னங்க, இங்க வாங்களேன்'னா. ரெண்டு தடவை."

"அப்புறம் ஏன் மாமா போகல?"

"கீழ காய்கறிக்காரரைக் கூப்பிடுறான்னு நினைச்சேன். அவ வாயால கூப்பிட்டா அது எனக்கா இருக்கும்னு எப்படிம்மா தோணும்? எனக்குன்னா மணி அடிச்சிருப்பாளே."

மணி ஏன் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தோம். மாமா நேராகப் போய் ஸ்டூலில் ஏறினார். நாற்பது வருடம் ஒயரோடு புழங்கிய கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது தானா கழண்டதில்ல."

"குழந்தை தூங்கணும்னுதான் மாமா..." அழுதேன்.

அவர் ஒயரைத் திரும்ப முறுக்கி ஸ்க்ரூவை இறுக்கினார். இறங்கி வந்து, "என் பையன்கிட்ட சொல்லிடாத. அவனும் உன்னோட பேச்சை நிறுத்திடுவான். என் ரத்தம்தானே அது" என்றார். அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றுவரை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் ஒயரைக் கழற்றிய என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை வீட்டுக்கு வந்தார். மாமா ஸ்விட்சை நீள ஒயரில் இழுத்து, கட்டிலில் அவருடைய இடது கைக்கு அருகே வைத்தார். மணியையும் கழற்றி அந்த அறையிலேயே மாட்டினார். பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வரை ஓயமாட்டார். மாட்டிக்கொண்ட லிஃப்ட், செத்துப்போன நண்பர்கள், பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது தான் வாசலில் நின்று அழுதது, எல்லாம் கொட்டினார். அந்த விருந்தையும் சொன்னார். "விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நாலு பேர் சிரிக்கட்டுமேன்னு சொன்னேன். தப்புதான். கேக்குதா உனக்கு? தப்புதான்." அத்தை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பத்தாம் நாள் நான் கஞ்சியோடு உள்ளே நுழைந்தபோது மணி அடித்தது. மாமா துள்ளி எழுந்தார். முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தார். "கேட்டியா, எனக்குப் பதில் சொல்றா!"

இரண்டாவது முறை அடித்தது. அப்புறம் மூன்றாவது.

மாமா ஹாலுக்கு ஓடினார். ரேடியோ அணைந்துதான் இருந்தது. அதன் குமிழைத் திருகிப் பார்த்தார், பிளக்கையும் பிடுங்கிப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் அவர் வாய் திறக்கவில்லை.