அப்பா வழி அமைச்சர்

ஐம்பது வயது வரைக்கும் மோட்டார்க்காரருக்குத் தான் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்ற கவலை வந்ததில்லை. அப்பா மலைக்கு அப்பாலிருந்து வந்த சின்னக் கூட்டத்து ஆள். அந்தக் கூட்டத்துக்கென்று தனியாக ஒரு பாஷை, தனியாக ஒரு வேதம், நகரத்தின் பழைய பகுதியில் ஒரு வழிபாட்டுக் கூடம், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அம்மாவோ நாட்டில் முக்கால்வாசிப் பேர் பேசும் பாஷையைப் பேசி, முக்கால்வாசிப் பேர் கும்பிடும் சாமியைக் கும்பிட்டவர். கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் வராததால் அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. பிள்ளை அம்மா பாஷையில் வளர்ந்தார். அப்பா பாஷையில் அவருக்குத் தெரிந்தது வசவுகள் மட்டும்தான். அப்பா கோபக்காரர் என்பதால் அந்த ஒரு துறையில் சொல்வளத்துக்குக் குறைவில்லை.

சாமி விஷயத்தில் அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. தண்ணீர் மோட்டார் விற்றார், பழுது பார்த்தார். தொட்டி காலியான வீட்டில் ஆத்திகரும் நாத்திகரும் ஒரே குரலில்தான் கத்துகிறார்கள் என்பது முப்பது வருடத் தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தத்துவம்.

நாடாளுமன்றத் தேர்தலில் நின்றது ஒரு கோபத்தில். நகராட்சியின் நீரேற்று நிலையம் ஒரு கோடை முழுக்க வாயை மூடிக்கொண்டு கிடந்தது. கேட்கப் போனவரை நாலு மேசைக்கு அலைக்கழித்தார்கள். வீட்டுக்கு வந்த வேகத்தில் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்துவிட்டார். தோற்றுவிடுவோம் என்ற நிம்மதியில் மனைவியிடம்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். ஜெயித்துவிட்டார். அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீள்வதற்குள் தொலைபேசி அடித்தது.

புதிய பிரதமர் மேடைக்கு மேடை ஒரே வாக்குறுதியைக் கொடுத்து ஜெயித்தவர்: எல்லோரும் இருக்கும் அமைச்சரவை. கடற்கரைக்காரர், மேட்டு நிலத்துக்காரர், பெண்கள், இந்த வேதம், அந்த வேதம் என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் ஆள் கிடைத்துவிட்டது. சின்னக் கூட்டத்துக்கு மட்டும் ஆள் இல்லை. ஜெயித்தவர்களைச் சல்லடை போட்டுச் சலித்ததில் அப்பா பெயரால் சிக்கியவர் ஒருவர்தான்.

பிரதமரின் செயலாளர் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க அப்பா வழியா, அம்மா வழியா?"

"எதுக்குங்க?"

"அப்பா வழின்னா அமைச்சர். அம்மா வழின்னா, ஜெயிச்சதுக்கு வாழ்த்துகள்."

தண்ணீர்த் துறை கிடைக்கும் என்ற நப்பாசையில் அவர் அப்பா வழி என்றார். கிடைத்தது சமூக நல்லிணக்கத் துறை. தண்ணீர்த் துறை, வாழ்நாளில் ஒரு குழாயைக்கூடத் திருகிப் பார்த்திராத கடற்கரைக்காரருக்குப் போயிற்று. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று பிரதமர் நினைத்திருக்கலாம்.

பதவியேற்பு அன்று ஒவ்வொருவரும் தத்தம் வேதத்தின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுத்தார்கள். மோட்டார்க்காரரிடம் அப்பாவின் வேதம் கொடுக்கப்பட்டது. அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடக்கமும் பெருமையும் கலந்த முகத்தோடு நின்றார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்தப் படம். சின்னக் கூட்டத்தில் பெரியவர்கள் அழுததாகக் கேள்வி. அப்பாவின் தங்கை, அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, அழவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டேய், புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தே."

"தெரியல அத்தை."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். எங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், அவங்க வெளியே சொல்ல மாட்டாங்க. போ, நல்லா இரு."

அதிலிருந்து அவர் பக்திமானாக வேண்டியதாயிற்று. வாரம் ஒருமுறை காவலர் புடைசூழ வழிபாட்டுக் கூடத்துக்குப் போனார். அமைச்சர் வராத வாரம் "கூட்டத்துக்குள் பிளவா?" என்று பத்திரிகை கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து ஆள் எழுந்தால் எழுந்து, குனிந்தால் குனிந்து, அரை விநாடி தாமதமாகக் கடவுளை வணங்கினார். தன் இஷ்டப்படி நாத்திகராக இருப்பதற்கு ஒரு குடிமகனுக்கு இருந்த உரிமை ஓர் அமைச்சருக்கு இல்லாமல் போயிற்று. எல்லா அமைச்சரவைக் கூட்டப் படங்களிலும் அவர் பிரதமருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆளாக நின்றார். கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் மட்டும், "அப்புறம் பாக்கலாம்" என்றார்கள்.

"படத்துல நல்லா விழறீங்க," என்றார் மனைவி. "மாலை மட்டும்தான் குறை. போட்டா சுவத்துல மாட்டிடலாம்."

அந்த அமைச்சரவைக்கு எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு கூட்டத்தை நோகடிக்கும் முடிவு எதுவானாலும் பத்திரிகையாளர்கள் முன்னால் அதைப் படிக்க வேண்டியவர் அந்தக் கூட்டத்து அமைச்சர். மீன்பிடித் தடையைக் கடற்கரைக்காரர் படித்தார். மலைப்பாதையை ரத்து செய்ததை மேட்டு நிலத்துக்காரர் படித்தார். விதவைகள் உதவித்தொகையைக் குறைத்ததைப் பெண் அமைச்சர் தண்ணீர் குடித்துத் தண்ணீர் குடித்துப் படித்து முடித்தார். கசப்பு மருந்தை அந்தந்த வீட்டுப் பிள்ளை கையால் ஊட்டினால் யாரும் துப்ப மாட்டார்கள் என்பது பிரதமரின் கண்டுபிடிப்பு. எல்லோரும் இருக்கும் அமைச்சரவை எதற்கு என்பது மோட்டார்க்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. தன் கூட்டம் நோகிற அளவுக்குப் பெரிதில்லை என்று கொஞ்ச நாள் தைரியமாக இருந்தார்.

அந்தத் தைரியம் ஒரு திங்கட்கிழமை போயிற்று. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடுவது என்று முடிவாயிற்று. அத்தையின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு வேனில் அடங்குவார்கள். நாட்டில் அந்தப் பாஷையில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் வேறு கிடையாது. அறிவிப்பு வெள்ளிக்கிழமை, படிக்க வேண்டியவர் அவர்.

பிரதமரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரேயடியாகக் கொட்டினார்.

"ஐயா, என்னால முடியாது. ராஜினாமா பண்றேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அந்த நம்பிக்கையே கிடையாது. அந்த பாஷையும் தெரியாது."

பிரதமர் சிரித்தார். "என் அமைச்சரவையில பாதிப் பேருக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது. நான் நம்பிக்கையைக் கேட்டேனா? எந்தப் பக்கம்னுதானே கேட்டேன்."

"அப்போ என்னை விட்டுடுங்க."

"விட்டுடலாம். உங்க ஆளுங்களுக்கு அப்புறம் யார் இருக்கா? நீங்க போனா அந்த நாற்காலியும் போயிடும். ரெண்டு தலைமுறையாக் கேட்டுக் கிடைச்சதாமே. நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் உண்மையிலேயே சொல்லப் போனார். வழிபாட்டுக் கூடத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர், காலணியைக் கழற்றக்கூட விடாமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க தம்பி. பள்ளிக்கூடம் போனா போகட்டும். நீங்க இருக்கணும்."

"பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தத்தானே நான் இருக்கேன்?"

"அது சரி. ஆனா நீங்க இல்லன்னா நாளைக்கு இந்தக் கூடத்தை இடிக்கணும்னு வந்தா, அதை அறிவிக்க நம்ம ஆள் யார் இருக்கா?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. மோட்டார்க்காரர் வாயில் அப்பாவின் வசவுகளில் ஒன்று வந்தது. இந்தக் கட்டடத்தில் அது எல்லோருக்கும் புரியும் என்பதால் விழுங்கிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது அத்தை. தாம்பத்தியம், பிள்ளை குட்டி என்று எதிலும் சிக்காமல் முப்பத்தைந்து வருடத்தை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்தவர். வகுப்பு முடிந்து பெஞ்சுகளைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"யார் படிக்கப் போறா?"

"என்னைப் படிக்கச் சொல்றாங்க. நான் மாட்டேன்னு..."

"நீயே படி. வேற எவனாவது படிச்சா நம்ம பேரைக் கொலை பண்ணுவான்."

"அத்தை, நிஜமாத்தான் சொல்றியா?"

"ராஜினாமா பண்ணினா என் பள்ளிக்கூடம் திறந்துடுமா? பண்ணாதே. போய்ப் படி. படிச்சுட்டு என் வீட்டுப் பக்கம் வராதே."

"ரெண்டையும் சொல்றியே."

"ரெண்டும்தான்டா சொல்றேன். அந்தப் பக்கம் பிடி."

அவர் பெஞ்சின் அந்தப் பக்கத்தைப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் படித்தார். பள்ளிக்கூடத்தின் பெயரை, அத்தையிடம் நாலு தடவை சொல்லிப் பழகியிருந்ததால், சரியாகவே உச்சரித்தார். முடித்துவிட்டு மடித்து வைக்கும்போது முன்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் கேட்டார்: "உங்கள் சமூகம் இதை ஏற்றுக்கொள்கிறதா?"

இந்தக் கேள்விக்கும் பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சமூகத்தைப் பத்தித் தெரியலம்மா. நான் ஏத்துக்கல. படிக்கச் சொன்னாங்க, படிச்சேன்," என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலமே பிரதமர் கூப்பிட்டனுப்பினார். மோட்டார்க்காரர் மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் போனார். மனசு பல மாதங்களாக இல்லாத அளவுக்கு லேசாக இருந்தது. கடையின் ஷட்டரை நாளைக்கே தூக்கிவிடலாம்.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தூக்கிடுங்க ஐயா."

"தூக்கிட்டு யாரை வைக்கிறது?" பிரதமர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். "ஜெயிச்சதுல உங்க அப்பாவுக்குப் பொறந்தவர் நீங்க ஒருத்தர்தான். உங்களைத் தூக்கினா எல்லோரும் இருக்கிற அமைச்சரவைன்னு நான் எந்த முகத்தோட சொல்றது? வெளிநாட்டுக்காரன் வேற படம் எடுத்துட்டுப் போயிருக்கான்."

உள்ளே வந்த பணியாள் தேநீரை வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். போக வழியில்லாமல் இருப்பது தான் ஒருவர் மட்டுமல்ல என்று மோட்டார்க்காரருக்கு அப்போது தெரிந்தது. தெரிந்ததில் பெரிய ஆறுதல் இல்லை. ஆனால் அந்த அறையில் முதல் தடவையாகத் தேநீரைச் சூடாகவே குடித்தார்.

பள்ளிக்கூடம் மாதக் கடைசியில் மூடப்பட்டது. பிள்ளைகளைப் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். வராதே என்று சொன்ன வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கம் போனார். அத்தை வாசலில் கரும்பலகையோடு நின்றுகொண்டிருந்தார். வைக்க இடமில்லை.

"ஏத்துக்கலைன்னு சொன்னியாமே."

"சொன்னேன்."

"சொல்லி?"

"மூடிட்டாங்க."

"பதவி?"

"இருக்கு."

"அப்போ என்னத்துக்குச் சொன்னே," என்றார் அத்தை. ஆனால் கரும்பலகையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார்.

யோசித்துச் செய்ததா, கை வலித்ததால் செய்ததா என்று அவருக்கே தெரியாது. கரும்பலகையை அரசாங்கக் காரின் மேல் கட்டச் சொன்னார். அமைச்சர் என்பதால் அவருக்கு அரசு ஒரு பெரிய வீடு கொடுத்திருந்தது. அதில் விருந்தினர்களை வரவேற்பதற்கென்று இருந்த கூடத்துக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. நல்லிணக்கத் துறையைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? அடுத்த வாரத்திலிருந்து பெரிய பள்ளி விட்டதும் பிள்ளைகள் அத்தையிடம் படிக்க அங்கே வந்தார்கள். காவலர்கள் முதல் நாள் பைகளைச் சோதித்தார்கள், அப்புறம் அலுத்துவிட்டது. அரசு வீட்டில் இதெல்லாம் கூடாது என்று கட்டடத் துறை அதிகாரி ஒருவர் வந்து தலையைச் சொறிந்தார். யாரைக் காலி செய்யச் சொல்வது என்ற கேள்வி எழுந்ததும் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

"வீடா சந்தையா இது?" என்று மனைவி முதல் வாரம் கேட்டார். இரண்டாவது வாரம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வைக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரம், "என்னங்க, உங்களுக்குத் தெரியாத எழுத்து எனக்குத் தெரிஞ்சுடும்போல," என்றார்.

அவருக்கு மட்டும் இரவுகளில் தூக்கம் வரவில்லை. முன்பு அவரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் பிரதமரும் தபால்காரரும். அவர்களைத் திட்டிக்கொண்டாவது படுக்க முடிந்தது. இப்போது பதவி போனால் வீடு போகும், வீடு போனால் கரும்பலகைக்கு மறுபடியும் இடமில்லை. இந்த முடிச்சை அவர் கையாலேயே போட்டிருந்தார், அதுவும் பலமாக. எந்த அறிவிப்பு வந்தாலும் இனிப் படிக்க வேண்டும். பத்திரிகையாளர்களைக் கேள்வி கேட்க அனுமதிப்பதையும் பிரதமர் நிறுத்திவிட்டார்.

ஒரு மாலை அலுவலகத்திலிருந்து வந்தவர் கூடத்தின் கதவோரம் நின்றார். உள்ளே கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் முதல் எழுத்தையே இன்னும் கோணலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த எலெக்‌ஷன் எப்போடா?"

"இருக்கு அத்தை, இன்னும் நாள் இருக்கு."

"இவ தேறுறதுக்கு அந்த நாள் பத்தாது. அடுத்ததுலயும் நின்னுடு," என்றார் அத்தை. "கதவைச் சாத்திட்டுப் போ. பிள்ளைங்க கவனம் சிதறுது."

அவர் கதவைச் சாத்தினார்.