மூன்றாம் பிறைக்குப் பள்ளிகொண்டா போன திங்கட்கிழமை

வைகாசி மாதத்து மூன்றாம் பிறை இந்த முறை திங்கட்கிழமையில் வந்தது. சோமவாரப் பிறை சிவன் தலையில் இருப்பதையே பார்த்த மாதிரி என்பார்கள். பக்கத்திலேயே வெள்ளியும் மேலே வியாழனும் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று செய்தியில் வேறு சொன்னார்கள். வேலூரில் என் வீட்டு மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அதனால் பள்ளிகொண்டாவில் இருக்கும் தம்பி சேகர் வீட்டுக்குக் கிளம்பினேன். அங்கே பாலாற்று மணலில் நின்றால் மேற்கு திறந்து கிடக்கும்.

மறைக்காமல் சொல்கிறேன், வேறு காரணமும் உண்டு. பிறை பார்த்த கண்ணால் அடுத்து ஒரு நல்ல முகத்தைத்தான் பார்க்க வேண்டும், அப்போதுதான் மாதம் நன்றாகப் போகும். தம்பி வீட்டில் அந்த முகம் பல வருடமாக என்னுடையது. தம்பி மகள் கீர்த்தனா சின்னப் பிள்ளையில் பிறையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். கையால் துழாவி என் கன்னம் கிடைத்த பிறகுதான் திறப்பாள். என் வீட்டுக்காரர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு பிறைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கீர்த்தனாவுக்கு ஆவணியில் கல்யாணம். சரி, நாமாகவே போய் நிற்போம், பிள்ளை மாறியிருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

மதியம் இரண்டேகாலுக்கு ஆம்பூர் பஸ். இருபத்துமூன்று கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், ஐம்பது நிமிடம். ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை, அப்படி ஒரு வெயில். இறங்கி ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். டிரைவர் கேள்வி கேட்காமல் விடவில்லை.

"ஆத்துல தண்ணியே இல்லியேம்மா, இன்னா பாக்கப் போறீங்க?"

"தண்ணி பாக்க வரலப்பா. பிறை பாக்க."

"அதுக்கு பஸ் ஏறி வந்தீங்களா? அது எங்க ஊருக்கு மட்டும் தனியாவா வருது?"

கோயிலில் கூட்டம் கம்மி. ரங்கநாதரை நிம்மதியாகச் சேவித்துவிட்டு வெளியே வரும்போது தம்பி மனைவி விமலா போன் செய்தாள். "அண்ணி, வர்றப்ப கோயில் கடையில பெருமாள் படம் ஒண்ணு வாங்கினு வாங்க. கொஞ்சம் பெருசா." கல்யாண வீடாயிற்றே, பெண்ணுக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடி போட்ட படம், பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள், நூற்றெண்பது ரூபாய்.

கீர்த்தனாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆறரைக்கு நாலு பேரும் மணலில் நின்றோம். முதலில் வெள்ளி தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் பிறை சுலபம். ஆறு ஐம்பதுக்கு, வழக்கம்போல, முதலில் பார்த்தது நான்தான்.

"எங்க அத்தை? எனக்குத் தெரியவே இல்ல."

"வெள்ளி தெரியுதா? அதுக்குப் பக்கத்துல. நகம் வெட்டிப் போட்டாப்ல."

"ஆமா! ஆமா அத்தை!"

கண்ணை மூடிக்கொண்டாள். கை நீண்டது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கொடுத்து நின்றேன். அவளுக்குப் பின்னால் பேப்பர் கிழியும் சத்தம்.

"கீர்த்தி, இந்தப் பக்கம் திரும்பு. படத்தைப் பாரு," என்றாள் விமலா.

நீண்ட கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு மடங்கியது. அவள் திரும்பிக்கொண்டாள். தம்பியும் திரும்பினான். பிறையைப் பார்த்த என் கண்ணுக்குக் கிடைத்தது இரண்டு முதுகு.

"சாமி மூஞ்சின்னா யாருக்கும் குறையில்ல பாருங்க அண்ணி," என்று விமலா படத்தை என்னிடமும் நீட்டினாள்.

"விடுக்கா, கல்யாண வூடு," என்றான் தம்பி, மணலைப் பார்த்தபடி.

விமலா கையில் இருப்பது பெருமாள். கும்பிட்டேன். கீர்த்தனா என் பக்கம் வரவே இல்லை. போனில் நிலாவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். வியாழன் மேலே மஞ்சளாக, அசையாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிடச் சொன்னார்கள். விரதம் என்று சொல்லிவிட்டு ஏழரை பஸ் பிடித்தேன்.

போகிறவர்களுக்கு: ஆறரைக்குள் மணலில் இருங்கள், எட்டு மணிக்குப் பிறகு பிறை இறங்கிவிடும். கருவேல முள் ஜாஸ்தி, செருப்பைக் கழற்றாதீர்கள். திரும்பும்போது டார்ச் வேண்டும். கோயில் கடையில் படம் வாங்கினால் பேரம் பேசுங்கள், நூற்றைம்பதுக்குக் கொடுப்பார்கள். நான் கல்யாணப் பெண்ணுக்கு என்று நினைத்ததால் பேசவில்லை.