நாலு குடம் கப்பம்

போன மாதம் என் மகன் போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினான். "நீ சொல்லிக்கினே இருப்பியேப்பா, அந்த ராஜா இவர்தானா?" என்றான். இவரேதான். செஞ்சிக் கோட்டை ராஜா. நான் சின்னப் பையனாக இருந்தபோது டிவியில் வாராவாரம் வந்தவர். ராஜா கையை ஓங்கிப் பேசப் பேச, பின்னாலிருந்த கோட்டைச் சுவர் காற்றில் லேசாக ஆடியது. இடி இடித்தபோது வானம் நல்ல நீலமாக இருந்தது. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். அந்த அட்டைச் சுவரை நம்பி நான் ஒரு போரே நடத்தியிருக்கிறேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை. முன்கட்டில் ஹவுஸ் ஓனரம்மா. தெருவிலேயே அவர் வீட்டில் மட்டும்தான் டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜா தொடர் வரும். தெருப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் ஒரு சட்டம் உண்டு. தெருமுனை அடிபம்பிலிருந்து ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் மட்டும் ஆளுக்கு நாலு குடம். ஏனென்றால் நாங்கள் சொந்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரியாம்.

தொடரில் ஒவ்வொரு வாரமும் ராஜா ஒரு முறையாவது கோட்டை மேல் நின்று பேசுவார். கப்பம் கேட்டுத் தூதுவன் வருவான். ராஜாவின் முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். அப்புறம் அவர் சொல்வார்: "கப்பமா? என் கோட்டைக்குப் படி உண்டு. என் கழுத்துக்கு வளைவு இல்லை."

எனக்கு அது மனப்பாடம். சோறு போடத் தாமதமானால் சொல்வேன். பல் தேய்க்கச் சொன்னால் சொல்வேன். "ராஜா, மொதல்ல மூக்க தொடச்சிக்கினு பேசு" என்பாள் அக்கா.

தொடரின் கடைசி வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் எனக்கு அது உறைத்தது. இந்த நாலு குடம்தான் கப்பம்.

குடத்தோடு போய் ஹவுஸ் ஓனரம்மா வீட்டுத் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறினேன். ஏழெட்டுப் பிள்ளைகள் குடமும் கையுமாக நின்று பார்த்தார்கள். பேச்சை முழுசாகப் பேசினேன். இடியையும் நானே இடித்தேன். துடைப்பத்தோடு வெளியே வந்த ஹவுஸ் ஓனரம்மா நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். என் பேச்சை ஒருவர் கடைசி வரை கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த உற்சாகத்தில் இடுப்பில் இல்லாத வாளை உருவினேன். கல்லில் பாசி. வழுக்கி விழுந்தேன். விழுந்தது கல்லோரம் இருந்த அவருடைய பிளாஸ்டிக் குடத்தின் மேல். அது இரண்டாகப் பிளந்தது.

"பேசி முட்ச்சிட்டியா?" என்றார் அவர். "அடுத்த வாரம் கடசி வாரம். பாக்கணும்னா எல்லா புள்ளைங்க எதிர்லயும் தப்புன்னு சொல்லு. எட்டு கொடம் எடுத்தாந்து ஊத்து. இல்லன்னா இந்த படி ஏறாத."

திரும்பிப் பார்த்தேன். என் படை குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே பம்புக்கு ஓடிவிட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. கடைசியில் ராஜா கப்பம் கட்டுவாரா, மாட்டாரா? அதைப் பார்க்காமல் என்னால் உயிரோடு இருக்க முடியாது என்று தோன்றியது. வளைவே இல்லாத என் கழுத்து புதன்கிழமைக்கே வளைய ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்வாசலில் அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா போற?"

"தண்ணி எடுக்க."

"யாருக்கு?"

சொன்னேன். கல்லில் ஏறியது, விழுந்தது, குடம் உடைந்தது எல்லாம்.

"எத்தினி கொடம் கேட்டாங்க?"

"எட்டு."

"நம்ம ஊட்டுக்கு ஒரு கொடம் எடுத்தாடான்னா கையி வலிக்குதுன்ற" என்றாள். எழுந்து மடியிலிருந்த தோலை உதறினாள். என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தாள். எனக்குப் பதிலாக அம்மாவே தூக்கப் போகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

உள்ளே தொடரின் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஹவுஸ் ஓனரம்மா வாசலுக்கு வந்தார். "இன்னா, புள்ளைக்கு பதிலா நீ வந்துட்டியா?"

அம்மா குடத்தைப் படியில் வைத்தாள்.

"ஒடஞ்ச கொடத்துக்கு பதிலு இத வச்சிக்குங்கக்கா. இனிமே எம்புள்ளைங்க தண்ணி எடுத்தாராது. ஊட்டுக்கு நாங்க வாடக குடுக்கறோம். புள்ளைங்கள உங்களுக்கு வாடகைக்கு உடல."

"வாய் ரொம்ப நீளுது. அப்ப வேற ஊடு பாத்துக்கினு போ."

"போறேங்க்கா."

அவ்வளவுதான். உள்ளே ராஜா பேச ஆரம்பித்திருந்தார். நான் எம்பி எம்பிப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினாள். பின்பக்கமாகவே நடந்தேன். "கப்பமா?" என்பது வரைக்கும் காதில் விழுந்தது. பிறகு நாங்கள் வீட்டைச் சுற்றித் திரும்பிவிட்டோம்.

அடுத்த மாதம் விழுப்புரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிபோனோம். அப்பா தினமும் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போய் வந்தார். "நாலு கொடம் தண்ணிக்கு ஊரே மாறி வந்தது நம்ம குடும்பந்தான்" என்று சட்டை மாட்டும்போதெல்லாம் சொல்வார். ஆனால் திரும்பிப் போகலாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. புதுத் தெருவில் டிவியே இல்லை. பம்பு முன்னைவிடத் தூரம்.

என் கணக்குப்படி நாங்கள் தோற்றுவிட்டோம். காரணமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அம்மாவின் பேச்சில் ஒன்றுமே இல்லை. குரல் உயரவில்லை. கையை ஓங்கவில்லை. கை முழுக்க மல்லாட்டைத் தோல் வேறு. எதிரியைப் போய் அக்கா என்று கூப்பிட்டால் யார் பயப்படுவார்கள்?

ஒரு நாள் இரண்டு பேரும் பம்பிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது, பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீ கொஞ்சம் சத்தமா பேசியிருக்கணும்மா."

இடுப்பில் குடத்தோடு அம்மா நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பில் குடம் ஆடி, பாதித் தண்ணீர் அவள் புடவையிலேயே கொட்டியது.

"செரிங்க ராஜா" என்றாள்.

எனக்குக் கோபமாக வந்தது. கோட்டையை விட்டுவிட்டு ஊர் மாறி வந்தவள் இப்படியா சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே, என் அரைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.