எல்லைக் கல்லுக்கு விழுந்த அடி

சீமையில் நான் பாத்திரம் கழுவும் கல்லூரியில் புல்தரையை மிதிக்கக் கூடாது. பேராசிரியர்கள் மட்டும் மிதிக்கலாம், மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சாப்பாட்டுக்கு முன் லத்தீன் மந்திரம் உண்டு, கறுப்பு அங்கி உண்டு, மேடைமேல் பெரியவர்களுக்குத் தனிப் பந்தி உண்டு. நம் கோயில் மரியாதைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரே மாதத்தில் பழகிவிட்டது. ஆனால் போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, முப்பது பேர் நீண்ட கழிகளோடு எங்கள் சமையற்கட்டுக்குள் நுழைந்தார்கள். நான் தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினேன். சரக்கறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக் கதவுக்கு முதுகை முட்டுக்கொடுத்து நின்றேன். எங்கள் ஊர் நகரியில் போலீஸ் தடியடி நாட்களில் படித்த பாடம் அது.

வெளியே சிரித்தார்கள். தலைமைச் சமையல்காரர் பெர்சி கதவைத் தட்டினார். “திறப்பா. அவர்களுக்கு வேண்டியது நீ இல்லை, உள்ளே இருக்கிற சுவர்.”

அந்தச் சுவரில் ஒரு கல் இருக்கிறது. தேவாலய வட்டாரத்தின் பழைய எல்லை அது. கல்லூரி பிறகு அதன்மேல் எழும்பியது. வருடத்துக்கு ஒருமுறை பாதிரியார் ஊராரோடு வந்து, கல்லின்மேல் சாக்பீஸால் சிலுவை போடுவார், எல்லோரும் அதைக் கழியால் அடிப்பார்கள். வரைபடம் இல்லாத காலத்தில் கல்லுக்குப் பதில் பிள்ளைகளை நிறுத்தி அடித்தார்களாம், கிழவனாகும்வரை எல்லை மறக்கக் கூடாது என்று. அவர்கள் ஒவ்வொருவராகச் சரக்கறைக்குள் நுழைய, கேரட் நறுக்கிக்கொண்டே பெர்சி இதைச் சொன்னார். இன்னொரு கதையும் சொன்னார். முன்னொரு காலத்தில் இங்கே மதுக்கடையில் மூண்ட சண்டையில் ஊரார் மாணவர்களை வெட்டிப்போட்டார்களாம். அதற்காக ஊர்த்தலைவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டுதோறும் வந்து தலை குனிந்தார்களாம். ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்காத நான் பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே என்று முடிவாகாத வருடங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நகரியில் ஒரு பாஷையில் விலை கேட்டு இன்னொன்றில் திட்டிக்கொண்டு சுகமாகத்தான் இருந்தோம். முனிரத்தினம் எங்கள் தெருக்காரன், வீட்டில் தெலுங்கு. கடைப்பலகை எழுதுவது தொழில், இரண்டு எழுத்தும் அவன் கையில் அழகு. எங்கள் தறிக்கூடத்துக்கு அவன் வந்தால் என் நைனா முதலில் அவனுக்குத்தான் டீ வாங்கித் தருவார்.

ஒரு மத்தியானம் செய்தி வந்தது. பஸ் நிலையப் பலகைக்கு வெள்ளையடித்துவிட்டு முனிரத்தினம் தெலுங்கில் மட்டும் ஊர்ப்பேர் எழுதுகிறானாம். பன்னிரண்டு பேர் போனோம். தறிக்குப் பாவு நூல் நீட்டும் மூங்கில் கோல் என் கையில் இருந்தது. அவன் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான்.

“ஆகண்ட்ரா! நில்லுங்கடா! கீழ பாருடா, கீழ பாரு!” என்று கத்தினான்.

“எங்க பாஷைய அழிச்சிட்டு எங்களையே கீழ பாக்க சொல்றியா?” என்று ஏணியை உதைத்தேன். விழுந்தவன் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினான். அந்தக் கையில் அடித்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு அடி அடித்தேன். அதற்குள் போலீஸ் வந்து எங்களை விளாசியது. மண்டை உடைந்து பலகைக்கு எதிரே விழுந்தபோதுதான் பார்த்தேன். தெலுங்குக்குக் கீழே, வெள்ளைமேல் மங்கலாக, சாக்பீஸ் கோட்டில் நம் எழுத்து முழுசாக வரைந்திருந்தது. வர்ணம் பூசுவதுதான் பாக்கி.

அவனைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கை தூரிகை பிடிக்கவில்லை. நான் கேசுக்குப் பயந்து மெட்ராஸ் போய்ச் சீமைக்குக் கப்பலேறினேன். பயந்தாங்கொள்ளி.

இந்த வருடம், அந்த வியாழனுக்குச் சில வாரம் முன்பு, அவனிடமிருந்து கடிதம் வந்தது. தமிழில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. “பீச்சாங்கையால எழுதறேன், கோச்சிக்காத. எல்லத் தகராறு முடிஞ்சிபோச்சி. திருத்தணி மெட்ராசுக்கு, நகரி ஆந்திராவுக்கே. அந்தப் பலகையில தெலுங்கு மட்டுந்தான் கீது. கீழ எழுத ஆளில்ல. நீ எப்ப வரே?” பதில் எழுதாமல் அதை மேலங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வியாழன் சரக்கறையில் பெர்சி ஒரு கழியை என் கையில் திணித்தார். “வா, நீயும் இரண்டு போடு.” பாதிரியார் சாக்பீஸால் சிலுவை கிழித்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. அடித்தேன். கழி பிளந்து உள்ளங்கை கிழிந்தும் நிறுத்த முடியவில்லை. “கீழ பாருடா நாயே, கீழ பாரு!” என்று என்னையே திட்டிக்கொண்டு அடித்தேன். சிரிப்பு அடங்கியது. பாதிரியார் என் தோளைத் தட்டி, “நல்ல உற்சாகம்! இனி எல்லையை மறக்கமாட்டாய்” என்றார்.

அவர்கள் போனதும், விட்டுப்போன சாக்பீஸை இடது கையில் எடுத்து, சிலுவைக்குக் கீழே முனிரத்தினத்தின் பெயரைத் தெலுங்கில் எழுதினேன். கோணல் மாணலாக வந்தது.

பெர்சி ஈரத்துணியோடு வந்தார். “உங்கள் ஊர் எல்லைக் குறியா?”

“இல்லை, நான் அடித்தவன் பெயர்.”

கல்லைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். “சரி, பந்திக்கு முன் துடைத்துவிடு” என்று துணியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வலது கையில் ஈரத்துணி, இடது கையில் சாக்பீஸ். அவன் பெயருக்கு முன்னால் அப்படியே நின்றேன். எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியவில்லை.