கட்டத்தில் போட்ட கோடு

சீழை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, நோயாளி அதற்கு முன் என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார் என்பதைப் படிவத்தில் எழுத வேண்டும். எழுதாத படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இது விதி. அகளி என்ற ஊரில் அரசு அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம், ஒரு கட்டம் காலியாக இருந்தாலே விண்ணப்பத்தைத் திருப்பியவன் நான். மலை இறங்கி வந்தவர்களை அப்படியே மலையேற வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின், என் மூக்கின் வளைந்த நடுத்தண்டை அறுவை செய்து நேராக்கினார்கள். மூன்றாவது வாரம் இடது பக்கம் சீழ் வந்தது. இப்போது நாங்கள் குடியிருக்கும் கஞ்சிக்கோட்டில் மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தர மறுத்தார். அவருடைய விதியறிவைப் பாராட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவிக்குப் பல் பிடுங்கியபோது மிஞ்சிய மாத்திரைகளைத் தேடி எடுத்தேன். நாலு இருந்தன. இரண்டு நாளில் வலி குறைந்தது, மாத்திரையும் தீர்ந்தது. மறுநாள் சீழ் மறுபடி வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பஞ்சுக்குச்சியில் சீழ் எடுத்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். மாத்திரை பற்றிய கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். காலியாக விடவில்லை என்ற திருப்தி வேறு. உண்மையில், இந்த வயதில் டாக்டரிடம் திட்டு வாங்கப் பிடிக்கவில்லை.

கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்லி அனுப்பினார்கள். பத்து நாளில் இடது இமை வீங்கி மூடிக்கொண்டது.

"ஏனுங்க, அந்த நாலு மாத்திரையச் சொன்னீங்களா?" என்று மனைவி டாக்டர் முன்னாலேயே கேட்டாள். பிறகு அவளே டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஊர்க்காரங்க பாரத்தையெல்லாம் திருப்பி அனுப்புனவருங்க டாக்டர். சொந்த பாரத்துல மட்டும் கோடு."

டாக்டர் திட்டவில்லை. "மாத்திரை தின்னுட்டு வந்தா கிருமி எப்படி சாரே வளரும்?" என்று மட்டும் கேட்டார். அன்றே ஆழத்திலிருந்து மறுபடி சீழ் எடுத்து, பல கிருமிகளுக்கும் பொதுவான ஊசி ஒன்றை ஆரம்பித்தார். அது கேட்காவிட்டால் பார்வை போகலாம் என்றார். இந்த முறை அந்த மாத்திரை யாருக்கு வாங்கியது என்பது வரை எழுதினேன்.

ஊசி கேட்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு படுத்திருந்தேன். காத்திருப்பவன் பக்கத்தில் நாள் எவ்வளவு நீளும் என்று எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாவது சீழுக்கு ஆய்வகம் அனுப்பிய மருந்துப் பட்டியலில் ஒரே ஒரு மருந்துக்கு நேரே மட்டும் 'பயன்படும்' என்று இருந்தது. அதைப் போட்டபின்தான் இமை திறந்தது, பார்வை தங்கியது. அந்தத் தாள் கைக்கு வந்தது ஆவணி மூன்றாம் தேதி; முதல் படிவத்தில் கோடு போடாமல் எழுதியிருந்தால் ஆடியிலேயே வந்திருக்கும்.